பேச்சியின் எண்ணெய்ச் சட்டி

பேச்சி வருகிறாள் என்றால் அவளுடைய எண்ணெய் வாடைதான் முதலில் வரும், ஆள் பிறகுதான். வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் சரிபாதி. அதில் ஒரு கட்டு நொச்சித் தழையைப் போட்டு, தழை மொறுமொறுவென்று ஆகும்வரை காய்ச்சி வடித்தது. பஸ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, இரண்டு பேர் இடத்தில் காலை நீட்டிக்கொண்டு வருவாள்.

ராசிங்காபுரத்தில் பிறந்தவள். கல்யாணமான கையோடு புருஷன் சோலையுடன் போடிமெட்டுக்குக் கீழே இருந்த ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனாள். இரண்டாம் வருஷமே சோலை மலைக்காய்ச்சலில் போய்விட்டான். கைக்குழந்தையோடு ஊருக்கு வந்துவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் வரவில்லை. கொசு கடித்துத்தான் காய்ச்சல் வருகிறது என்று தேவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடித்தால்தானே வரும், கடிக்கவிடாமல் செய்தால்? அன்றைக்கு ஏற்றிய சட்டிதான். தினமும் விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து, வேலைக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருத்தியின் பிடரி, காதுமடல், முழங்கை, கணுக்கால் என்று தேய்த்து அனுப்புவாள். அட்டைக்குத் தனியாகப் புகையிலையும் சுண்ணாம்பும். முகம் சுளித்தால் முதுகில் ஒன்று வைப்பாள். சாயங்காலம் படுக்கப் போகும் முன்னால் திரும்பவும் ஒரு தடவை. கைக்குழந்தையாக இருந்த மகள் மருதாயி வளர்ந்து கல்யாணமாகிற வரைக்கும் அவள் லயத்தில் ஒருத்தரும் குளிர்காய்ச்சலில் படுக்கவில்லை.

நான் போடி பஜாரில் ஐசக் முதலாளியின் ஏலக்காய்க் கடையில் சரக்குப் பார்க்கிறவன். அந்தத் தோட்டமும் முதலாளியுடையதுதான். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மோந்தேன் என்றால் எந்தச் சரிவுக் காய், காய்ந்தது போதுமா, வழியில் மழை பட்டதா என்று சொல்லிவிடுவேன். ‘யோசேப்பு மூக்கு’ என்று பஜாரே பேசும். எனக்கும் அதில் தலைக்கனம் இருந்தது, இல்லை என்றால் பொய். பேச்சியின் கதையை எழுத உட்கார்ந்தால் அந்த மூக்கைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஐம்பத்தி நாலாம் வருஷம் ஆவணியில் மலையிலிருந்து வந்த முதல் லோடில் ஒரு கசப்பு வாடை அடித்தது. மதுரை வியாபாரி ஒரு காயை உடைத்து மோந்துவிட்டு மூட்டையைத் தள்ளிவிட்டான். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பஜாரும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று பேச்சி ஞாபகம் வந்தாள்.

“வேப்பெண்ணெ மொதலாளி. பொம்பளைங்க கையில பூசிக்கிட்டுக் காய் எடுக்குறாக” என்றேன்.

முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அன்றைக்கே மலைக்கு ஆள் போனது. தோட்டத்தில் இனி எண்ணெய்ச் சட்டியே இருக்கக்கூடாது. கங்காணி கன்னையன் சட்டியை லயத்து வாசலிலேயே போட்டு உடைத்தானாம்.

இரண்டாம் நாள் பேச்சி கடைக்கே வந்து நின்றாள். முதன்முதலாக அவளிடம் வாடை இல்லை.

“மொதலாளி, எடுத்த காயத் தொட்டில போட்டு அலசித்தான ஸ்டோருக்குக் கொண்டு போறாக? காயில எண்ணெ ஒட்டியிருந்தா தண்ணி மேல மெதக்காதா? ஒரு நாளு வந்து பாருங்க. மக மருதாயிக்கு ஏழு மாசம். புருசன் மரம் வெட்டப் போனா மாசத்துக்கு ஒருதரம்தான் வருவான். காய்ச்ச வந்தா அவ தாங்க மாட்டா.”

முதலாளி என்னைப் பார்த்தார். அவள் சொன்னது நியாயம் என்று எனக்கும் பட்டது. ஆனால் நாலு பேர் நடுவில் சொன்ன சொல்லை மாற்ற மனசு வரவில்லை.

“வாடை எனக்குத் தெரியும்க்கா. நீங்க போங்க” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்சுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அடுத்த லோடு இறங்கியது. அதே கசப்பு. முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. “திருட்டுத்தனமாப் பூசுறாளுக. நீயே போய்க் கையும் களவுமாப் பிடிச்சிட்டு வா” என்று ஜீப்பைக் கொடுத்தார். மெட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு இரண்டு மைல் ஒற்றையடிப் பாதையில் இறங்கி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

கன்னையன் பெண்களை வரிசையாக நிறுத்தினான். நான் ஒவ்வொரு கையாக மோந்துகொண்டே போனேன். மண், காய்ச்சாறு, வியர்வை, இவ்வளவுதான். எண்ணெய் ஒரு கையிலும் இல்லை. அந்தக் கைகளைப் பார்க்கத்தான் முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடிப்புத் தடிப்பாகச் சொறிந்து புண்ணாகிக் கிடந்தது. வரிசையில் பாதிப் பேர் இல்லை, லயத்தில் படுத்திருக்கிறார்கள் என்றான். கடைசியில் பேச்சி நின்றாள்.

“நல்லா மோந்துக்கங்க தம்பி. வெரசாப் பாத்து விடுங்க, உள்ள மக நடுங்கிக்கிட்டுக் கெடக்கா.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று கம்பளிக்கு அடியில் மருதாயி பல் கிட்டிப்போய் ஆடிக்கொண்டிருந்தாள். வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முறைக்காய்ச்சல், இது நாலாவது முறை என்றாள் பேச்சி. ஆனாலும், வாடைக்குக் காரணம் தெரியாமல் கீழே போய் என்ன சொல்வது என்ற யோசனைதான் எனக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஸ்டோருக்குப் போனேன். விறகு அனலில் பச்சைக்காயைக் காயவைக்கும் கட்டடம்தான் ஸ்டோர். தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருந்தது. ஓரத்தில் கன்னையன் படுக்கிற கட்டில். அதில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து மோந்தேன். அன்று காலையில் அனலுக்கு வந்த தட்டில் வாடை இல்லை, முந்தின நாள் தட்டில் இருந்தது. காயோடு வராத வாடை இங்கேயே எங்கிருந்தோ ஏறுகிறது. வெயில் இறங்கியதும் கொசு ரீங்காரம் போட ஆரம்பித்தது. கழுத்திலும் காதிலும் பிடுங்கியது. நான் பட் பட்டென்று அடித்துக்கொள்வதைக் கன்னையன் பார்த்துவிட்டான்.

“இந்தா, ஒரு நிமிசம்ணே” என்று ஓடினான்.

ஓட்டைச் சட்டியில் தணல் அள்ளிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தான். அதன்மேல் வேப்பிலையும் நொச்சியும் கை நிறையப் போட்டான். புகை குபுகுபுவென்று எழும்பி, என்னைச் சுற்றிக்கொண்டு நேராகத் தட்டுகளின் பக்கம் போனது.

அதே கசப்பு. மூட்டையில் நான் மோந்த அதே வாடை.

“இது எத்தன நாளா கன்னையா?” என்றேன்.

“தெனமும் போடுறதுதாண்ணே. ஆடியில தங்க வந்தப்ப நீங்கதான சொன்னீக? மனுசன் இருக்க முடியலடா, மூட்டம் போடுடான்னு. அண்ணன் சொன்னாரேன்னு அன்னையிலருந்து ஒரு நாளு விடலயே.”

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. நான் பாராட்டுவேன் என்று நின்றுகொண்டிருந்தான். ஆடி மாதம் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அதட்டியது எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. என் உடம்பில் கொசு கடிக்கக்கூடாது என்று நான் போடச் சொன்ன மூட்டம். அதற்காக ஒரு லயத்துப் பெண்களைக் கடிக்கக் கொடுத்துவிட்டேன்.

சட்டியைக் காலால் எத்தி வெளியே தள்ளினேன். கன்னையன் பதறிப்போனான். “கம்பும் கம்பளியும் கொண்டா, வெரசா!” என்று கத்திக்கொண்டே லயத்துக்கு ஓடினேன்.

மருதாயிக்கு நடுக்கம் நின்று சூடு ஏறியிருந்தது. கண் சொருகிக் கிடந்தாள். கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

“அக்கா, எண்ணெயில்ல. மூட்டந்தான். தப்பு எம்மேல...”

“அதெல்லாம் அப்பறம் பேசலாம். தூக்குங்க” என்றாள் பேச்சி.

கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி முன்னால் கன்னையனும் பின்னால் நானும் தோள் கொடுத்தோம். இரண்டு மைல் ஏற்றம். வெளிச்சம் இருக்கும்போதே மெட்டில் நிற்கும் ஜீப்புக்குப் போய்விட வேண்டும். நாலு நாளைக்கு முன்னால்தான் அந்தப் பாதையில் யானை இறங்கியிருந்தது. மழை பெய்த செம்மண்ணில் கால் வழுக்கியது. ஒவ்வொரு வழுக்கலுக்கும் தூளிக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். முனகல் வராவிட்டால் காதைக் கொடுத்துக் கேட்பேன். பேச்சி தூளியைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள். முழங்கால் வரை அட்டை ஏறியதை அவள் தட்டிவிடக்கூட இல்லை. “ஆத்தா, முழிச்சுக்க. கண்ண மூடாத ஆத்தா” என்று மகளிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு தடவை ஓடைக் கல்லில் நான் விழப் போனேன். அவள் தோளைக் கொடுத்து என்னைத் தாங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கொயினா மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அன்று மத்தியானமே வலி கண்டது. ஆண் பிள்ளை. மூச்சு விடவில்லை.

பேச்சி அழவில்லை. பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் நின்றேன்.

கடைக்கு வந்து, பஜாரில் நாலு பேர் இருக்கும்போதே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யோசேப்பு மூக்கு அன்றோடு போனது. போகட்டும். மூட்டத்தை ஸ்டோரை விட்டுத் தள்ளிப் போடவும், எண்ணெயைத் திரும்பக் காய்ச்சவும் முதலாளி உத்தரவு கொடுத்தார். மருதாயி தேறி லயத்துக்குத் திரும்பிய அன்று புதுச் சட்டியை நானே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மறுநாள் விடிந்ததும் லயத்து வாசலில் பெண்கள் வரிசை கட்டினார்கள். பேச்சி ஒவ்வொருத்திக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். தலையை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள்.

“மோந்து பாருங்க தம்பி. இதான் எண்ணெ வாட. நல்லா மோந்துக்கங்க.”

மோந்தேன். கசப்பு இருந்தது, ஆனால் அதில் புகை இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம்.

“தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“அப்பத் தள்ளி நில்லுங்க” என்றாள். என் பின்னால் மருதாயி கழுத்தைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.