அட்டைக்குப் பின்னால் விழுந்த மூன்று

ஞாயிறு பூசை முடிந்ததும் திரேஸ்புரத்தில் எங்கள் மாடியில் நாலு பேர் கூடுவோம். ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. கதையை நடத்துபவன் நான். என் பகடை மட்டும் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருளும்.

என் தங்கையைக் கட்டிய ரெக்ஸ்தான் மந்திரவாதி. ஒரு மந்திரத்தால் பூதத்தை உறைய வைப்பான்; இன்னொன்றால் அந்த உறைவை நீட்டிக்கொண்டே போவான். மூன்று வாரமாக என் பூதங்கள் விரலைக்கூட அசைக்காமல் செத்தன. என் குறிப்பேட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறான் என்று அவன் சிரிப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். விளையாட்டு விதியை மாற்றிக்கொள்ளலாமா என்று நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று பூதம் மந்திரத்திலிருந்து தப்புமா என்று இருபது முகப் பகடையை உருட்டினேன்; மூன்று விழுந்தது. அந்த எண்ணுக்குப் பூதம் தப்பவே முடியாது. "இருபது! மந்திரம் பலிக்கல," என்றேன். பூதம் ரெக்ஸின் மந்திரவாதியை விழுங்கியது.

"ஏலே, அட்டையத் தூக்கு, பாப்போம்!" என்றான் ஒரு நண்பன்.

ரெக்ஸ் தடுத்தான். "சங்கு குளிக்கப் போனா என் காத்துக்குழாயே மச்சான் கையிலதான் கெடக்கு. இங்கன ஒரு பகடைக்கா சந்தேகப்படப் போறேன்?"

மறுநாள் கடலில் காற்றுக்குழாயின் முனையை வாயில் கவ்வி, மீதியை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்தான்.

அட்டையை அன்றே கிழித்துப் போட்டேன். மூன்று விழுந்ததைத்தான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.