லண்டனுக்கு உட்கார்ந்து பழகுகிறவர்

பொந்தியான் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில், ஜொகூர் பாரு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். கல்லாவில் பரீதா அக்கா குறுகலான பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்ட தே தாரேக் தேநீரை அவர் கணவர் கொண்டுவருகிறார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி, இன்னிக்கு நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்கிறார் அக்கா.

அடுத்த மாதம் லண்டனில் மகளுக்கு நிக்காஹ். கோலாலம்பூரிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதினாலு மணி நேரம் பறக்க வேண்டும். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அதற்காக உட்கார்ந்து பழகுகிறார். போன வாரம் வலி தாங்காமல் பாதியில் எழுந்துவிட்டாராம். இன்று கடை திறந்ததிலிருந்து அசையவில்லை.

"பிளேன்ல கொஞ்சம் எழுந்து நடக்கலாமே அக்கா?"

"நடக்கலாம். திரும்ப உக்காரும்போதுதான் உயிர் போவுது."

நெற்றியெல்லாம் வியர்த்திருக்கிறது. கணவர் அருகில் வந்து, "போதும்லா, நாளைக்குப் பாக்கலாம்" என்கிறார்.

அக்கா நாற்காலியை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறார். "இப்பத்தான் பாதி தாண்டியிருக்கேன். நடுவானத்துல இறங்கச் சொல்றீங்களா?"

என் பஸ் வந்துவிடுகிறது. பையை எடுத்துக்கொண்டே, "திரும்பியும் வரணுமே அக்கா?" என்று கேட்கிறேன்.

"புள்ளை நிக்காஹைப் பாத்துட்டா போதும் தம்பி. வரும்போது வலிச்சா வலிக்கட்டும்லா."