மாடியில் சிஸ்டர் குடியிருந்த காலம்

தையல்கடை அக்காவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க மருமகளைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் கடை மாடிக்கு சிஸ்டர் குடிவந்த நாளைக் கேட்டால் நேற்று நடந்ததுபோல் சொல்வாள்.

கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்தவள் சிஸ்டர். பாஷையைப் புத்தகத்தில் படித்திருந்தாளே தவிர, நாக்கு வளையவில்லை. வந்த வாரமே கடை வாசலில் நின்று, "அக்கா, இயேசுவே வலி" என்றாள்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். "வலி இல்ல சிஸ்டர், வழி. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க."

"வலி."

"இன்னும் வலிக்குதே."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சாயங்காலமானால் சிஸ்டர் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, பட்டன் தைத்துக்கொண்டே பேசிப் பழகினாள். கிளம்பும்போது மறக்காமல் ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுவாள். "எனக்கு என் சாமி இருக்கு, நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று அக்காவும் மறக்காமல் சொல்வாள்.

ஒருநாள் சிஸ்டர் பட்டன் டப்பாவைத் தொடவே இல்லை. என்னவென்று கேட்டதற்கு, "எங்க அம்மா போய்ட்டாங்க. அங்க அடக்கமும் முடிஞ்சிடுச்சு" என்றாள், பாடம் ஒப்பிப்பதுபோல. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவள், தான் எங்கே போய் அழுவது என்று தெரியாமல் நிற்பது அக்காவுக்குப் புரிந்தது. ஷட்டரை இறக்கினாள். உள்ளறைக்குக் கூட்டிப்போய் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எந்த பாஷையில வருதோ, அதுலயே அழுங்க."

சிஸ்டர் தன் பாஷையிலேயே அம்மாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அக்கா 'ம்' கொட்டிக்கொண்டே தலையைக் கோதிவிட்டாள்.

அதற்குப் பிறகு சிஸ்டர் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மனம் மாறியெல்லாம் இல்லை. தன் கூட்டாளி பேசுவதைக் கேட்கத்தான் போனாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் சிஸ்டருக்குப் பேச்சு பாதி மறந்துபோனது.

வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள சிஸ்டர் ஊர் திரும்பி வருஷங்கள் ஓடிவிட்டன. மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. காது சரியாகக் கேட்காத இருவரும் போனில் கத்திக்கொள்வார்கள். போன வாரம் சிஸ்டர், "பேச்சு போதும் அக்கா, தெருவைக் கொஞ்சம் கேக்க விடுங்க" என்றாள்.

அக்கா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூச்சலோடு வந்தார்கள். கை கடுத்தபோது, போனை உள்ளே இழுக்காமல் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.