அடி அண்ணாமலையில் அறுபது லிட்டர் மால்ட் சாறு

புதன்கிழமை காலை ஏழே காலுக்கு பெங்களூர் சாந்திநகரில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். டிக்கெட் இருநூற்று எண்பது ரூபாய். மடியில் துணிப்பை, காலடியில் ஒரு சாக்கு. சாக்கைக் காலால் தட்டிப் பார்த்த கண்டக்டர், "கோழித் தீவனமாம்மா?" என்றார்.

"பார்லிங்க."

"இவ்ளோ பார்லியா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

யாருக்கும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சாக்கைப் பத்திரமாகப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சாக்கில் இருந்தது பத்து கிலோ பார்லி மால்ட். பார்லியை முளைக்க வைத்து, காய வைத்து, ஒன்றிரண்டாக உடைத்தது. ஆறு வருடமாக என் வீட்டுச் சமையலறையில் நான் பீர் காய்ச்சுகிறேன். குடிப்பது மாதத்துக்கு இரண்டு கண்ணாடி டம்ளர்தான். காய்ச்சுவதில்தான் எனக்கு ஆசை. அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பீர் ஆவதற்கு முந்தைய கட்டம். மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்து வடித்தால் தேன் நிறத்தில் ஓர் இனிப்புச் சாறு வரும். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் அது பீர். சேர்க்காத வரை குழந்தைகள்கூடக் குடிக்கலாம்.

என் அக்கா கஸ்தூரிக்கு இது தெரியும். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் அலுவலக உதவியாளர் வேலை. அடி அண்ணாமலையில் வீடு. நான் பஸ் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு போன் செய்து, "நீ அங்க என்னமோ காச்சுவியே, அத போதை இல்லாம காச்ச முடியுமாடி?" என்று கேட்டாள்.

கேட்கச் சொன்னது அவள் கணவர், ஏழுமலை மாமா. பதினைந்து வருடம் குடித்தவர். குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. சொந்தமாக ஒன்றரை ஏக்கர் நிலம். இந்த முறை கேழ்வரகு நன்றாக விளைந்திருந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்றி வருபவர்களுக்குத் தன் நிலத்துத் தானியத்திலிருந்து குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சனிக்கிழமை பௌர்ணமி.

கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் என்று பஸ் வந்து, பன்னிரண்டரைக்கு கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் என்னை இறக்கிவிட்டது. ஆட்டோ நூற்று இருபது ரூபாய். மாமா வாசலிலேயே நின்றார். சாக்கை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே வெள்ளை வேட்டியில் முளைகட்டிய கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு கிலோ. ஒவ்வொன்றிலும் மயிரிழை மாதிரி ஒரு வேர்.

"மூணு நாளா சாக்கு நனச்சு நனச்சு மூடினேன். சரியா வந்துருக்கா பாரு" என்றார்.

வாயில் போட்டுக் கடித்தேன். மொறுமொறுவென்று உடைந்து, கடைசியில் இனித்தது. நான் வாங்கி வந்த பார்லியைவிட நன்றாக இருந்தது. அதைச் சொன்னதும் மாமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

வியாழன் காலை எட்டு மணி. தேரடி வீதிக்குப் போய் சலீம் பாயின் வாடகைப் பாத்திரக் கடையில் இரண்டு அண்டா எடுத்தோம். ஒவ்வொன்றும் எண்பது லிட்டர் பிடிக்கும். ஒன்றுக்கு நாள் வாடகை நூற்று ஐம்பது. பாயின் குடும்பம் நான்கு தலைமுறையாக அதே தெருவில் இருக்கிறது.

"இன்னாத்துக்குமா இவ்ளோ பெருசு? பிரியாணியா?" என்றார்.

மால்ட் சாறு என்று விளக்கினேன். புளிக்க விட்டால் பீர், விடாவிட்டால் சத்து பானம் என்று, தேவையில்லாமல், முழு விவரமும் சொல்லிவிட்டேன். பாய் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"உஷார்மா," என்றார் பாய், குரலைக் கம்மி பண்ணி. "இவரு மேல ஊரு கண்ணு ஜாஸ்தி."

பத்து மணிக்கு வீட்டுப் பின்புறம் விறகடுப்பு மூட்டினோம். முதல் நாளே மில்லில் அரைத்து வைத்ததில் எட்டு கிலோ கேழ்வரகு மாவை முதலில் கூழாகக் காய்ச்சினோம். துடுப்பு நட்டுக்குத்தலாக நிற்கும் அளவுக்குக் கெட்டி. பிறகு தீயை இழுத்துவிட்டு, என் வெப்பமானி அறுபத்தைந்து டிகிரி காட்டும் வரை காத்திருந்தோம். அதைவிடச் சூடு அதிகமானால் மால்ட்டில் உள்ள நொதி செத்துப்போகும், குறைந்தால் சோம்பேறியாகிவிடும். அறுபத்தைந்தில் ஆறு கிலோ பார்லி மால்ட்டைக் கொட்டி மாமாவைக் கிண்டச் சொன்னேன்.

கால் மணி நேரம்தான். மாமா திடீரென்று துடுப்பை நிறுத்தினார். "தண்ணி ஊத்துனியா?"

"இல்ல மாமா."

"பின்ன எப்படி எளகிடுச்சு?"

கூழ் பாயசமாகியிருந்தது. மாவை மால்ட் சர்க்கரையாக அறுத்துக்கொண்டிருக்கிறது என்றேன். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு கரண்டி எடுத்து மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். மாவு மிச்சமிருந்தால் கருநீலமாகும். ஆகவில்லை, அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நின்றது. மாமா விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கஸ்தூரி! சக்கரயே போடலடி!" என்று கத்தினார். அக்கா அன்று லீவு. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

வடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கேழ்வரகு துணியை அடைத்துக்கொண்டது. பார்லி உமி கொஞ்சம் வழி விட்டது. வெந்நீர் ஊற்றி ஊற்றி, பழைய காட்டன் புடவை இரண்டில் வடித்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. பிறகு ஒரு மணி நேரக் கொதி. பிறகு, நான் எப்போதும் செய்வதுபோல், வேகமாக ஆற வைத்தேன். நூற்று அறுபது ரூபாய்க்கு இரண்டு ஐஸ் பார் வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, அண்டாவை அதற்குள் இறக்கினோம். நாற்பது நிமிடத்தில் கை வைக்கும் சூட்டுக்கு வந்தது. கழுவி வெந்நீர் விட்ட இரண்டு நீல டிரம்களில் ஊற்றி மூடினோம். அறுபது லிட்டர். என் வாழ்க்கையில் அவ்வளவு நான் வடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஓய்வு. செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் நடந்தேன். ஒரு கஃபேயில் காபி தொண்ணூறு ரூபாய். இருபது அடி தள்ளி தள்ளுவண்டியில் டீ பதினைந்து. இரண்டும் குடித்தேன், டீ நன்றாக இருந்தது. மலை அன்று முழுவதும் வெள்ளை வெயிலில் நின்றது. அந்த வெயிலில் டிரம்கள் எப்படி இருக்கும் என்று நான் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால். "மாலா, கொஞ்சம் வாம்மா" என்று மாமாவின் குரல் கேட்டது. சத்தமில்லாத குரல். பின்புறம் போனேன். ஒரு டிரம்மின் மூடி திறந்திருந்தது. மாமா நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது திரும்பிடுச்சு" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஓரமாகச் சின்னச் சின்ன நுரை. வாசனையில் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சர்க்கரை அளக்கும் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து மிதக்க விட்டேன். வியாழக்கிழமை நின்ற கோட்டுக்கு இரண்டு கோடு கீழே இறங்கியிருந்தது. காற்றிலிருந்த ஈஸ்ட் எப்படியோ உள்ளே போயிருக்கிறது. இரண்டாவது டிரம்மும் அப்படியே. என் கருவி சொன்னதை மாமாவின் மூக்கு முன்பே சொல்லிவிட்டது.

"மூடியத் தொறந்த ஒடனே தெரிஞ்சுது. மூணு வருஷம் ஆச்சு, மறக்கல" என்றார். கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன.

எனக்கு முகம் கூசியது. இந்த மனிதர் வீட்டுக் கொல்லையில் அறுபது லிட்டர் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் போய் காபி குடித்துக்கொண்டிருந்தேன். "மாமா, ரொம்பக் கம்மிதான். திரும்பக் கொதிக்க வச்சா அதுவும் போயிடும். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."



அக்கா எழுந்து வந்தாள். டிரம்மைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் டீ போட்டு எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அந்தக் கைகள் முன்னால் வந்தன. அவர் குடித்து முடிக்கும் வரை ஒட்டினாற்போல் பக்கத்திலேயே நின்றாள். பிறகு மூன்று பேரும் டிரம்களை உருட்டிக்கொண்டு போய் எருக்குழியில் கவிழ்த்தோம். மாடு கழுத்தை நீட்டியது. "உனக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று அக்கா அதைத் தள்ளிக் கட்டினாள். மாமா அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

மிச்சம் நான்கு கிலோ பார்லி, நான்கு கிலோ கேழ்வரகு மாவு. நாற்பது லிட்டர் வரும். ஆனால் ஐஸ் வாங்க டவுனுக்குப் போக முடியாது. பௌர்ணமிக்கு எந்த வண்டியையும் பாதைக்குள் விடமாட்டார்கள்.

"எதுக்கு ஐசு?" என்றார் மாமா.

"ஆற வைக்கத்தான்."

"எதுக்கு ஆற வைக்கணும்?"

"சூட்டுல ஈஸ்ட் போட்டா செத்துடும் மாமா, அதனால முதல்ல..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆறு வருடப் பழக்கம். பீர் ஆக வேண்டிய சாறுதான் ஆற வேண்டும். ஆகக் கூடாத சாற்றை நான் ஏன் ஆற வைத்தேன்? ஈஸ்ட்டுக்குப் பாய் விரித்துப் படுக்கை போட்டுக் கொடுத்ததே நான்தான்.

"அடுப்புலயே சுடச்சுட வச்சு ஊத்திக் குடுத்தா?" என்றார் மாமா.

"ஒண்ணும் ஆகாது மாமா."

"அப்ப கெளம்பு. அடுப்ப மூட்டு."

ஏழு மணிக்கு மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை துடுப்பு மாமாவிடம், வெப்பமானியும் மாமாவிடம். அவசரத்தில் கொதி வரும்போது அசந்துவிட்டேன். நுரை குபுகுபுவென்று எழும்பி அண்டாவைத் தாண்டி வழிந்து, பாதி அடுப்பை அணைத்துவிட்டது. கருகிய சர்க்கரை வாசனை தெரு வரைக்கும் போனது. ஐந்து லிட்டர் போயிருக்கும். அக்கா சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டாள். மூன்றரை மணிக்கு அண்டாவை வாசலுக்குத் தூக்கி வந்து, கீழே தணல் போட்டு வைத்தோம். முப்பத்தைந்து லிட்டர். பேப்பர் கப்பில் ஆளுக்கு முக்கால் அளவு ஊற்றிக் கொடுத்தோம்.

மலையைச் சுற்றுகிற கூட்டம் அதற்குள் பாதையை நிறைத்திருந்தது. செருப்பில்லாத கால்கள், தார் இன்னும் ஆறவில்லை. "சூடா என்னாங்க, டீயா?" என்று கேட்டுவிட்டுத் தயங்கியவர்கள், ஒரு வாய் குடித்ததும் நின்று குடித்தார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டாவது கப் வாங்கிக்கொண்டு, "எவ்ளோ வெல்லம் போட்டீங்க?" என்று அக்காவிடம் கேட்டார். போடவே இல்லை என்பதை அவரும் நம்பவில்லை.

ஐந்து மணி வாக்கில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சேகர், மாமாவோடு பல வருடம் ஒன்றாகக் குடித்தவர் என்று அக்கா என் காதில் சொன்னாள். "இன்னாப்பா ஏழுமல, காலைலேருந்து தெருவே மணக்குது. கடையே தொறந்துட்டியா?" என்றார், நாலு பேருக்குக் கேட்கும்படி.

வரிசை திரும்பிப் பார்த்தது. மாமா ஒரு கப் மொண்டு நீட்டினார். சேகர் மோந்து பார்த்தார். குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார்.

"ஒண்ணுமே இல்லயேடா இதுல."

"கேவுரு இருக்கு. என் நெலத்துது" என்றார் மாமா.

சேகர் மிச்சத்தையும் குடித்து முடித்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, கப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மாமாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கப் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அண்டா காலியாகும் வரை போகவில்லை. ஆறே காலுக்கு, மலைக்குப் பின்னாலிருந்து நிலா வருவதற்கு முன்பே, அண்டா காலி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாமா பைக்கில் என்னைச் செங்கம் சாலைக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் வர நேரமாயிற்று. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூணு வருஷமா நீ கூப்ட்டும் நாங்க பெங்களூர் வரல. உங்கக்காவுக்கு லீவு இல்லன்னு சொன்னதெல்லாம் சும்மா. ஒன் வீட்ல அது இருக்கும்னு பயம். எனக்கு இல்ல, அவளுக்கு. எனக்கும்தான்."

காய்ச்சுவதை நிறுத்திவிடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? அது ஒன் சந்தோஷம். நாங்க வர்றப்ப, ஆறறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் எடுத்து வை. போதும்."

போன மாதம் இருவரும் வந்தார்கள். எங்கள் மூன்றாவது மாடிச் சமையலறை அடி அண்ணாமலைக் கொல்லையில் பத்தில் ஒரு பங்குகூட இராது; அண்டாவுக்குப் பதில் பதினைந்து லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், விறகுக்குப் பதில் கேஸ். இங்கே தெரு மணக்காது, ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். கொதி வந்தபோது மாமா என்னைக் கேட்காமலே அடுப்பைத் தணித்தார். சுடச்சுட இரண்டு டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். அக்கா ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "கேவுரு இல்லாம ஒரு மாதிரியா இருக்குடி" என்றாள். மாமா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மிச்சத்தை ஆற வைக்க எனக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்தார்.