மீன்தொட்டி வெளிச்சத்தில் ஒரு மணப்பெண்

இப்போதெல்லாம் எந்த விளக்கை எங்கே ஒட்டினாலும் எரிகிறது. அப்போது அப்படியில்லை. வெளிச்சத்துக்கும் கால் இருந்தது, கால் சேர்ந்தால்தான் அது வீட்டுக்கு வரும்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த இருட்டில்தான் அத்தை, அப்பாவின் தங்கை, அழகு நிலையம் தொடங்கினாள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அதன் நெற்றியில் ஒரு முழம்கூட வராத குட்டி ட்யூப்லைட் ஒன்று. அவ்வளவுதான் நிலையம். ஊர்ப் பெண்களையெல்லாம் மணப்பெண்ணாக்கத் துடித்தவள், தன்னைப் பெண் பார்க்க வந்த நாள்களில் மட்டும் பவுடர்கூடப் பூசாமல் வந்து நின்றாள். முதல் மணப்பெண் சரியாக அமையாவிட்டால் அறையைத் தையல்காரருக்கு விட்டுவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்த முதல் மணப்பெண் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், குட்டி ட்யூப் கண் சிமிட்டியது, ஓரம் கறுத்தது, செத்தது.

"குண்டு பல்பு போட்டுக்கயேன்" என்றாள் அம்மா.

"மஞ்ச வெளிச்சத்துல மேக்கப் போட்டா மண்டபத்து ட்யூப்லைட்டுல சாம்பல் பூசுன மாரி இருக்கும் அண்ணி. மொதப் பொண்ணே பூசணிக்கா ஆயிடும்."

செத்த ட்யூபைத் துண்டில் சுற்றிக்கொண்டு அத்தையும் நானும் ஓடினோம். கடைகள் மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒரே கடைக்காரர் ஒரு ட்யூபை நீட்டினார். நீளம் ஏறக்குறைய சரி. ஆனால் எங்களுடையது விரல் பருமன், அது வாழைக்காய் பருமன். முனையிலிருந்த இரண்டு கம்பிக் கால்களும் அகட்டி நின்றன.

"நீளம் மட்டும் பாத்தா ஆவுமாம்மா? காலு சேரணும். ஒல்லி ட்யூபு நாளைக்குத்தான். மீன்தொட்டி வச்சிருக்கறவங்க யாரையாச்சும் கேளு."

மீன்தொட்டி எங்கள் மாடியிலேயே இருந்தது. அங்கே வாடகைக்குக் குடியிருந்த அண்ணன் மில்லில் வயர்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பனியனோடு உட்கார்ந்து மீன்களோடு பேசிக்கொண்டிருப்பார். அத்தையைக் கண்டதும் சட்டையைத் தேடி மாட்டினார்; பொத்தான்களை மாற்றிப் போட்டார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். அடியில் குட்டி ட்யூப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. துண்டைப் பிரித்து எங்களுடையதைப் பக்கத்தில் பிடித்தேன். அதே நீளம், அதே ஒல்லி, கால்களுக்கும் அதே இடைவெளி. அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள்.

அவர் பார்த்தார். அத்தையும் பார்த்தாள்.

"இது உங்க ஃபிட்டிங்ல ஏறாதுங்க" என்றார், மீன்களிடம் சொல்வதுபோல. "வேணும்னா பொண்ண இங்க இட்டுக்கினு வாங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தானே..." என்று தொடங்கிய என் காலை அத்தையின் கால் மிதித்தது.

"ஏறாதுதாங்க" என்றாள்.

பிறகு மாடியில் திருவிழா. கண்ணாடி படியேறியது, மணப்பெண் படியேறினாள், பின்னாலேயே அவள் வீட்டுக் கூட்டம். மூடியைக் குடைபோலத் தூக்கிப் பிடித்தபடி நின்றார் வயர்மேன். கண்ணாடிக்குள் மணப்பெண்ணின் காதோரம் ஆரஞ்சு மீன்கள் நீந்தின. அவளுக்குச் சிரிப்பு அடங்காமல் கண்மை கலைந்துகொண்டே இருந்தது.

"கை வலிக்குதுங்களா?"

"இல்லீங்க, நீங்க மெதுவாவே போடுங்க."

மணப்பெண்ணின் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணு இந்தப் பக்கம் இருக்குது அண்ணே! வெளிச்சம் பூரா மேக்கப் போடறவங்க மூஞ்சியிலல்ல அடிக்குது!"

மாடியே சிரித்தது. விளக்கு மணப்பெண்ணிடம் திரும்பியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வழி தவறியது.

ரெட்டியார்பாளையம் மண்டபத்தில், அத்தனை ட்யூப்லைட்டுக்கு நடுவிலும், அந்தப் பெண் உரித்த நுங்குபோல் குளிர்ந்து நின்றாள். சாப்பாட்டுப் பந்தியிலேயே இரண்டு குடும்பங்கள் அத்தையைத் தேடி வந்தன. அப்பா தையல்காரர் பேச்சை விட்டார்.

விட்டதோடு, மறுநாள் நேரு வீதிக்கே போய், கால் இடைவெளி பார்த்து, சரியான ஒல்லி ட்யூபை வாங்கியும் வந்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றுவாள் என்று நினைத்தேன்.

அவள் அட்டை உறையை ஒருமுறை தடவினாள். மாடிப்படிப் பக்கம் பார்த்தாள்.

"இதுவும் ஏறாதுடி" என்று பீரோ மேல் போட்டுவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போனாள்.

உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் வயர்மேன் பக்கத்தில் நின்றதற்கே வயரிங் தொழில் இவ்வளவு கைவந்துவிடுமா என்று நான் வெகுகாலம் வியந்துகொண்டிருந்தேன்.