தடித்த குழாய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆலைகளுக்குக் குழாய்கள் இணைத்துத் தரும் ஒரு பட்டறையில் தரச் சோதனை பார்ப்பவள் அதீபா. தினமும் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அவள் மடியில் ஒரு பரீட்சைப் புத்தகம் விரிந்திருக்கும். ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய குழாய்களைச் சோதிப்பவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு அது. ஒரு தடவை எழுதித் தோற்றாயிற்று. இந்தத் தடவை தேறினால் வெளி ஆலைகளுக்குப் போகும் குழுவில் இடம் தருவதாக மேலாளர் உதயகுமார் சொல்லியிருந்தார். இல்லையென்றால் இதே கொட்டகை, இதே புதுக் குழாய்கள்.

அன்று மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் பஸ் நகராமல் நின்றபோது புத்தகத்தின் மாதிரிக் கணக்கு ஒன்று அவளை மறித்தது. குழாயின் ஒரு வளைவில் ஐந்து வருடத்துக்கு முன் அளந்த சுவர்க் கனம் எட்டு மில்லிமீட்டர், இப்போது எட்டரை. போன தடவை இதை அச்சுப்பிழை என்று அடித்துவிட்டுப் போயிருந்தாள். குழாய் தேயும், தடிக்குமா? ஆனால் புதிதாக வாங்கிய இன்னொரு புத்தகத்திலும் அப்படியே ஒரு கணக்கு. இரண்டு புத்தகத்திலுமா பிழை இருக்கும்?

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அவர்கள் பட்டறையில் முதலில் அளவு, பிறகுதான் பெயிண்ட். பெயிண்ட் ஏறிய குழாய் நேரே லாரிக்குப் போய்விடும். ஒலியைச் செலுத்திக் கனம் பார்க்கும் அளவுக் கருவியைப் பெயிண்ட்டின் மேல் அவள் வைத்ததே இல்லை. ஆலையில் இருக்கும் குழாயோ பெயிண்ட்டோடுதானே இருக்கும்?

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கருவியுடன் பெயிண்ட் பகுதிக்குப் போனாள். பெயிண்டர் ஜெகன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, சோறு துன்னாம இங்க சுத்திகினு கீற?"

"இந்தக் குழாய் குண்டாயிடுச்சான்னு பாக்கறேண்ணா."

"ஆமா, நேத்து பிரியாணி துன்னுச்சு."

நேற்று அவளே அளந்த குழாய்தான்; ஏழு புள்ளி ஒன்று. இப்போது கருவி ஏழு புள்ளி ஏழு என்றது. பெயிண்ட்டைச் சுரண்ட அவள் பட்டி பிளேடைக் கேட்டதும் ஜெகன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கோட்டு அடிச்சி வெச்சா, நீ வந்து சொரண்டுவியா?"

"காசளவுக்குத்தாண்ணா."

சுரண்டிய இடத்தில் மறுபடி ஏழு புள்ளி ஒன்று. ஒலி இரும்பில் ஓடுகிற வேகத்தில் பெயிண்ட்டில் ஓடுவதில்லை. அந்தத் தாமதத்தையும் இரும்பென்றே கருவி எண்ணிக்கொள்கிறது. அப்படியானால் அந்த எட்டரைக்கு அடியில் நிஜமாக இருப்பது எவ்வளவு? எட்டுக்கும் குறைவாக இருக்கலாம். தேய்மானத்தைப் பெயிண்ட் மறைத்திருக்கலாம்.

"இன்னா, எளச்சிடுச்சா?" என்றார் ஜெகன்.

அதன் பிறகு எந்தக் கணக்கையும் அவள் அடித்துவிட்டுப் போகவில்லை. தேர்வு நாளில் கணினித் திரையில் அந்தக் கேள்வியே வேறு உருவில் வந்தது: கனம் கூடியிருந்தால் சோதகர் என்ன செய்ய வேண்டும்? தேய்மானம் இல்லை என்று எழுதலாம் என்றது ஒரு விடை. அவள் அதைத் தாண்டிப் போய், பரப்பைச் சுத்தம் செய்து மறுபடி அளப்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

முடிவு வந்தது. தேறியிருந்தாள். முதன்முதலாக ஆலைக்குக் கிளம்பிய காலையில் ஜெகன் வாசலில் மறித்தார்.

"என் பட்டி பிளேடு எங்க?"

அவள் பையைத் தடவிக்கொண்டாள்.

"அங்கயும் போய் சொரண்டப் போறியா?"

"ஆமாண்ணா. உங்களுக்குப் புதுசு வாங்கித் தரேன்."