பிரேக் மேடமும் ஒரு கொக்கியும்

என் அக்காவுக்குப் பயப்படக் காரணம் எதுவும் தேவையில்லை. அதை அவளே தயாரித்துக்கொள்வாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடி ஒரு கவலை வரும். இப்படிப்பட்டவள் எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துத் தன் பேரைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் பொறியியல் படிக்கப் போனாள். "இவ செய்ற வண்டி ஓடாது. ஆனா நல்லா நிக்கும்" என்றார் அப்பா.

அப்பாவின் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. முதல் வேலை பம்பு தொழிற்சாலையில். லாரியில் ஏற்றிய பம்புகளை, சத்தம் சரியில்லை என்று இறக்கச் சொல்வாள். அங்கேதான் 'பிரேக் மேடம்' என்ற பேர் வந்தது. அடுத்து லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். ஒரு லிஃப்டைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேறொருவர் போட்டார், அது இன்றும் ஜோராக ஓடுகிறது. சொல்லிக் காட்டினால், "இன்னைக்கு வரைக்கும்" என்பாள். பிறகு இயந்திர விற்பனை. வாங்க வந்தவரிடம் மெஷினின் குறையைத்தான் முதலில் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டு எதிர்க்கடையில் போய் வாங்கினார். பொய் சொல்ல வராத ஆளை விற்க அனுப்பினால் வேறென்ன நடக்கும்? அந்த வேலையும் போயிற்று.

கடைசியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கையேடு எழுதினாள். எப்படி இயக்குவது என்பது அரைப் பக்கம், என்னென்ன செய்யக் கூடாது என்பது மீதிப் புத்தகம். உள்ளே பூனை தூங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கூட எழுதியிருந்தாள். அந்த மெஷினை வாங்கிய காப்புரிமை வக்கீல் ஒருவர், இதை எழுதியது யார் என்று விசாரித்துக்கொண்டு போன் செய்தார். "ஒரு கண்டுபிடிப்ப எவன் எந்தச் சந்துல புகுந்து திருடுவான்னு யோசிக்கிற ஆள் எனக்கு வேணும். உங்களுக்கு அது தானா வருதும்மா" என்றார். அவரிடம் வேலை கற்று, பரீட்சை எழுதி, நாற்பதை நெருங்கும்போது அக்கா காப்புரிமை முகவர் ஆனாள். பதற்றத்துக்குச் சம்பளம் தரும் வேலை உலகத்தில் ஒன்று இருந்திருக்கிறது.

இப்போது ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் அலுவலகம். விண்ணப்பங்களுக்குப் படம் வரைவது நான்.

இதில் அக்காவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வருகிறவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்பாள், தன் யோசனையை மட்டும் சொல்ல மாட்டாள். ஆரம்ப நாளில் ஒருவருடைய கதவுப் பூட்டில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லிக் கொடுத்தாள். அவருடைய கூட்டாளி அதைத் தெரிந்துகொண்டு, இது முழுக்க இவர் கண்டுபிடிப்பே இல்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். "யோசனை யாருக்கு வந்துச்சோ அவங்களுக்குத்தான் உரிமை. நடுவுல என்னோடது ஒரு சொட்டு விழுந்தாலும் நாளைக்கு அவங்க கழுத்துக்குத்தான் கத்தி" என்பாள்.

அன்று மதியம் வந்திருந்தவர் ஒரு நர்ஸ். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட அவர் ஒரு கொக்கி செய்திருந்தார். பாட்டில் காலியாகி எடை குறைந்ததும் ஒரு ஸ்பிரிங் எழும்பி, குழாயை இறுக்கி மூடிவிடும். ரத்தம் குழாயில் திரும்பி ஏறாது. விண்ணப்பம் தயார். மாலை ஐந்து மணிக்குப் பல ஆஸ்பத்திரி டாக்டர்கள் முன்னால் அவர் அதைக் காட்ட வேண்டும். அதற்குள் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பாத எதுவும், காட்டிய பிறகு ஊர்ச் சொத்து.

அனுப்பும் பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்: "சிஸ்டர், இந்தக் கொக்கியில வேற எதையாவது மாட்டுவாங்களா?"

"ஐயோ, மாட்டாம இருப்பாங்களா மேடம். டவல், பழப் பை, எல்லாம் அதுலதான் தொங்கும்" என்று சிரித்தார் நர்ஸ். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப எடை குறையாதே. குழாய் மூடாதே."

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. மூடிவிடும் என்று நம்பி யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால், முன்பு இருந்ததைவிட ஆபத்து.

அக்காவின் பென்சில் ஒரு துண்டுக் காகிதத்தில் நகர்ந்ததைப் பக்கத்திலிருந்த நான் பார்த்தேன். கொக்கியைச் சுற்றி ஒரு மூடி, அதில் மெல்லிய பிளவு. பாட்டிலைத் தொங்கவிடும் தட்டையான பிளாஸ்டிக் காது மட்டும் நுழையும், டவல் நுழையாது. சட்டென்று உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்ததும் மேஜைக்கு அடியில் நறுக்கென்று ஒரு மிதி விழுந்தது.

"போர்டு எழுதி வைக்கலாமா மேடம்? எதையும் மாட்டாதீங்கன்னு?"

"படிப்பாங்களா?"

"எங்க. அமைதி காக்கவும்னு எழுதியிருக்கிற போர்டுக்குக் கீழதான் சண்டையே நடக்குது." நர்ஸ் நெற்றியைத் தேய்த்தார். "உயரத்துல வச்சா?"

"உங்களுக்கு எட்டுமா?"

"எட்டாது."

கடிகாரம் நான்கைத் தாண்டிவிட்டது. அக்காவின் மேலுதட்டில் வியர்வை. பதிலை உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், எதிரே இன்னொருத்தி அதற்காகத் தவித்துக்கொண்டிருக்கிறாள். சொல்லித் தொலையேன் என்று கத்தலாம்போல இருந்தது.

"விட்ருங்க மேடம்" என்று நர்ஸ் எழுந்தார். "நான் இன்னைக்குக் காட்டல. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

"உக்காருங்க சிஸ்டர்." அக்காவின் குரல் உடைந்தது. "நீங்க பாட்டில் மாட்டும்போது கை என்ன செய்யும்? அத மட்டும் காட்டிட்டுப் போங்க."

நர்ஸ் நின்றபடியே கையைத் தூக்கினார். இல்லாத பாட்டிலின் காதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார். மூன்றாவது முறை கை அப்படியே நின்றுவிட்டது. விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"பாட்டிலோட காது இவ்வளவு மெல்லிசுதானே மேடம். கொக்கிய மூடிட்டு, இது நுழையிற அளவுக்கு மட்டும் வழி விட்டா?"

அக்கா மூச்சை விட்டாள். நான் பேயாட்டம் படம் வரைந்தேன், அவள் தட்டச்சு செய்தாள். நான்கரை தாண்டி விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நர்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இவ்வளவு படிச்சிருக்கீங்க மேடம். இது உங்களுக்குத் தோணலையா?"

வேலையே போனாலும் வாடிக்கையாளரிடம் ஒரு பொய் சொல்லாதவள் என் அக்கா. காது வரை சிவந்துபோனாள்.

"தோணலைங்க சிஸ்டர்."

நர்ஸ் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் உள்ளங்கையை எடுத்தாள். வியர்வையில் பென்சில் கோடு கலங்கிப்போயிருந்தது. ஆசைப்பட்டதுபோல அவள் தானாகக் கண்டுபிடித்தது வாழ்நாளில் அது ஒன்றுதான். அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்தாள்.

"நம்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவளைக் கிண்டல் செய்வதற்கென்றே பிறந்தவள் நான். அன்றைக்கு மட்டும் அவள் கேட்க விரும்பியதையே சொன்னேன்.

"நம்பிட்டாங்கக்கா."

"வாசல்ல ஒரு தடவ திரும்பிப் பாத்தாங்களே" என்றாள்.